நீரில் கரைந்த பியூட்டனாலைச் சவ்வு வழியே மீட்பது: பெர்வாப்பரேஷன் சோதனைக்கு முழுமையான வழிகாட்டி

கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவைக் கொண்டு சர்க்கரையை நொதிக்க வைத்தால் அசிட்டோன், பியூட்டனால், எத்தனால் மூன்றும் சேர்ந்து கிடைக்கும். இதில் நமக்கு வேண்டியது எரிபொருளாகப் பயன்படும் ஆல்கஹாலான பியூட்டனால். லிட்டருக்கு 13 கிராம் அளவில் பியூட்டனால் சேர்ந்ததுமே அந்தப் பாக்டீரியாவுக்கு அது நஞ்சாகிவிடும். ஆக, நம் கையில் வருவது 98 சதவீதம் தண்ணீர். அத்தனை தண்ணீரையும் சூடாக்கி வடித்தால், கிடைக்கும் எரிபொருளின் ஆற்றலில் கணிசமான பங்கு வடிப்பதற்கே போய்விடும். பெர்வாப்பரேஷன் முறையில் கரைசல் சவ்வின் ஒரு பக்கம் ஓடும், மறுபக்கம் வெற்றிடம் இருக்கும். சவ்வுக்குள் கரைந்து ஊடுருவும் பொருள் மறுபக்கம் ஆவியாக வெளிவரும். அதைக் குளிர்வித்துப் பிடித்துக்கொள்கிறோம்.

இந்தச் சோதனையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன், புதிதாக வரும் மாணவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தும் வருகிறேன். எண் சரியாக வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் குறை சொல்வது சவ்வைத்தான். ஆனால் பெரும்பாலும் தப்பு சவ்வில் இருப்பதில்லை. கசிவு, போதாத வெற்றிடம், மாதிரி எடுத்த விதம் ஆகியவற்றில்தான் இருக்கிறது. அதனால்தான் கீழே உள்ள வரிசை சவ்வைவிட மற்றவற்றுக்கு அதிக இடம் தருகிறது.

1. எது கடந்து வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கலவையில் குறைவாக இருக்கும் பொருளைத்தான் சவ்வு வழியே அனுப்ப வேண்டும். கடந்து வருவது அனைத்தும் ஆவியாக வேண்டியிருப்பதால், அதற்கான வெப்பத்தை நாம்தான் தர வேண்டும். 1.5 சதவீத பியூட்டனால் கரைசலில் தண்ணீரைக் கடத்த முயன்றால் மொத்தத்தையும் ஆவியாக்கிய கதைதான்.

எனவே நீர்த்த கரைசலுக்கு நீரை விரும்பாத சவ்வு வேண்டும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது பாலிடைமெத்தில்சிலோக்ஸேன், அதாவது சிலிக்கோன் ரப்பர். நீரை விரும்பும் பாலிவினைல் ஆல்கஹால் சவ்வும், நுண்துளைக் கனிமமான ஜியோலைட்டால் ஆன சவ்வும் கடைசிக் கட்டத்துக்கு உரியவை. ஆல்கஹாலில் மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீரை எடுக்க அவை உதவும். நீரை விரும்பும் சவ்வு, விரும்பாத சவ்வு இரண்டையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு மாதத்தை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

சவ்வைப் பிடிக்கும் எஃகு செல், அதற்குள் நுண்துளைத் தகடு, வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள நீர்த்தொட்டி, சுழற்சிப் பம்ப், வேக்குவம் பம்ப், மில்லிபார் காட்டும் அழுத்தமானி, இணையாகப் பொருத்திய இரண்டு கண்ணாடி கோல்டு டிராப் (ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் கலன்; இனி டிராப்), அவற்றை மாற்றிவிடும் வால்வுகள், திரவ நைட்ரஜனும் அதை ஊற்றிவைக்கும் டிவார் குடுவையும், 0.001 கிராம் வரை காட்டும் தராசு, கலவையில் எது எவ்வளவு என்று அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப்.

செல்லில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் விஷயத்தில் கவனம். பியூட்டனாலும் தண்ணீரும் மட்டும் என்றால் வைட்டான் ரப்பர் போதும். கலவையில் அசிட்டோன் இருந்தால் வைட்டான் ஊறி உப்பிவிடும், அப்போது ஈபிடிஎம் ரப்பர் வாங்குங்கள். இதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், உப்பிய ஓ-ரிங் தன் பள்ளத்தைவிட்டுப் பிதுங்கி நிற்கும் நாளில்தான் நினைவுக்கு வரும்.

மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்ப் பம்ப் திடீரென்று நின்றால், வெற்றிடம் எண்ணெயைக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் வால்வு உள்ள பம்ப் வேண்டும், இல்லையென்றால் யுபிஎஸ் வேண்டும்.

3. சவ்வு வார்ப்பது

சில்கார்டு 184 போன்ற இருபாகச் சிலிக்கோன் எளிது. மூலப்பாகம் 10, கடினமாக்கி 1 என்று எடை போட்டு நன்றாகக் கலக்குங்கள். கலக்கும்போது காற்று புகுந்து பால் போல வெளுக்கும். அதை வெற்றிட டெசிகேட்டரில் (காற்றை உறிஞ்சி எடுக்கக்கூடிய மூடிய கலனில்) வைத்தால் நுரைத்து எழும், அப்புறம் அடங்கிக் கண்ணாடி போலத் தெளியும். தெளியும்வரை பொறுங்கள், உள்ளே நிற்கும் ஒரு குமிழ் நாளை ஓர் ஓட்டையாகும்.

கண்ணாடித் தட்டில் கத்திமுனைக் கருவியால் ஒரே சீராக இழுத்துப் பரப்பி, சமதளத்தில் வைத்து, 100 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம் வையுங்கள். அவசரமில்லை என்றால் அறை வெப்பநிலையில் 48 மணி நேரம் போதும்.

எவ்வளவு நேரம் வைத்தாலும் சில இடங்கள் பிசுபிசுப்பாகவே இருந்தால் உங்கள் கையுறையைப் பாருங்கள். இந்தச் சிலிக்கோனை இறுகச் செய்வது பிளாட்டினம் வினையூக்கி. லேடெக்ஸ் கையுறையில் உள்ள கந்தகம் அதைச் செயலிழக்க வைக்கும். அமீன்களும் வெள்ளீயச் சேர்மங்களும் அப்படித்தான். நைட்ரைல் கையுறையும் பட்டுவிடக் கூடாது, அதிலும் கந்தகம் கலந்தவை உண்டு. வினைல் கையுறை பாதுகாப்பு.

தடிமனை மைக்ரோமீட்டரால் நேரடியாக அளக்காதீர்கள். படலம் மென்மையானது, திருகும்போது நசுங்கிக் குறைவாகக் காட்டும். இரண்டு கண்ணாடி வில்லைகளுக்கு நடுவே வைத்து அளந்து, வில்லைகளின் தடிமனைக் கழியுங்கள். குறைந்தது ஐந்து இடங்களில் அளக்க வேண்டும். கீழே வரும் கணக்குகளுக்கு 50 மைக்ரான் படலம் என்று வைத்துக்கொள்வோம்.

4. செல்லில் பொருத்துவதும் கசிவு பார்ப்பதும்

முதலில் சவ்வு வேண்டாம். அதே இடத்தில் தடித்த ரப்பர் ஷீட்டை வைத்து மூடி, வெற்றிடம் போட்டு, பம்ப் பக்க வால்வை அடைத்துவிட்டு அழுத்தமானியைப் பத்து நிமிடம் பாருங்கள். அழுத்தம் கொஞ்சம் ஏறிவிட்டு மெல்ல மட்டுப்பட்டால், குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஈரம் வெளிவருகிறது என்று பொருள். நிற்காமல் ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டே போனால் கசிவு. இந்த நிலையில் கண்டுபிடித்துவிட்டால் சவ்வின் மேல் பழி விழாது.

அடுத்து சவ்வைப் பொருத்துங்கள். நுண்துளைத் தகட்டின் மேல் ஒரு வடிதாள் விரித்து அதன்மேல் படலத்தை வைத்தால் தகட்டின் முனைகள் குத்தாது. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டால் படலம் சுருங்கி மடிந்துகொள்ளும்.

இங்கேயே பரப்பளவைக் குறித்துவையுங்கள். வெட்டிய வட்டத்தின் விட்டம் கணக்கில் வராது, ஓ-ரிங்கின் உள்விட்டம்தான் வரும். 7 செ.மீ. படலம், 6 செ.மீ. உள்விட்டம் என்றால் உண்மைப் பரப்பு 0.00283 சதுர மீட்டர். 7 என்று போட்டவருடைய பரப்பு 36 சதவீதம் கூடிவிடும்.

5. வெறும் தண்ணீரில் ஓர் ஓட்டம், உப்புத் தண்ணீரில் இன்னொன்று

இந்தப் படியை எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

40 டிகிரியில் தண்ணீரை மட்டும் ஓட்டுங்கள். குறையில்லாத 50 மைக்ரான் படலம் சதுர மீட்டருக்கு, மணிக்கு சுமார் 130 கிராம் நீராவியை விடும். தடிமன் இரட்டித்தால் இது பாதியாகும். உங்களுக்கு 500 வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. 30 வந்தால் வெற்றிடம் போதவில்லை, இல்லையென்றால் ஆவி டிராப்பில் சிக்காமல் பம்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பிறகு அதே தண்ணீரில் 1 சதவீதம் சாப்பாட்டு உப்பைக் கரைத்து ஓட்டுங்கள். உப்பு ஆவியாகாது, சிலிக்கோன் வழியாகவும் போகாது. டிராப்பில் சேர்ந்த நீரில், வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைப் பார்க்கப் பயன்படுத்தும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்துப் பாருங்கள். ஒற்றை இலக்கம் காட்டினால் படலம் நலம். நூற்றுக்கணக்கில் காட்டினால் கரைசல் அப்படியே ஒழுகுகிறது. முடிந்ததும் உப்பு போக நன்றாக அலசுங்கள். மிச்ச உப்பு பியூட்டனாலை நீரிலிருந்து தள்ளும், அப்போது உங்கள் முடிவு உண்மையைவிட அழகாகத் தெரியும்.

6. கரைசல் தயாரிப்பு

1 கிலோ கரைசலுக்கு 15 கிராம் பியூட்டனால், எடையால் அளந்தது. பைப்பெட் அளவு வேண்டாம், பியூட்டனாலின் அடர்த்தி 0.81தான், மில்லிலிட்டரைக் கிராம் என்று எடுத்துக்கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு தவறும். ஊற்றியதும் எண்ணெய்த்துளி போல மேலே மிதக்கும். மூடிவைத்து, அந்தத் துளிகள் முழுதும் மறையும்வரை கலக்குங்கள். திறந்து வைத்துக் கலக்கினால் அறை முழுக்க வாசம் வரும், அந்த வாசம்தான் நீங்கள் இழக்கும் பியூட்டனால். அதன் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டியது. நம் ஊர்க் கோடையில் அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும் என்பதால் பக்கத்தில் ஹீட்டர் சுருள், பர்னர் எதுவும் கூடாது.

கரைசலின் அளவைக் குறைக்காதீர்கள். நான்கு மணி நேரத்தில் சவ்வு வழியே சுமார் 0.55 கிராம் பியூட்டனால் போகும். 15 கிராமில் அது 4 சதவீதத்துக்கும் கீழே, செறிவு மாறவில்லை என்றே கொள்ளலாம். 200 கிராம் கரைசல் மட்டும் வைத்தால் இருப்பதே 3 கிராம். அதில் 18 சதவீதம் போய்விட்டால், எந்தச் செறிவுக்கு எண் சொல்கிறோம் என்றே தெரியாது.

7. ஓட்டத்தைத் தொடங்கும் வரிசை

கரைசலைச் சுழலவிட்டு, செல்லின் வாயிலில் 40 டிகிரி நிலைக்கும்வரை காத்திருங்கள். தொட்டியின் வெப்பமானியை நம்ப வேண்டாம், குழாயில் வருவதற்குள் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும்.

அப்புறம் வெற்றிடம், மெதுவாக. வால்வைப் பட்டென்று திறந்தால் மெல்லிய படலம் தகட்டின் மேல் அறைந்து கிழியும். அழுத்தம் இறங்கிய பிறகே முதல் டிராப்பை திரவ நைட்ரஜனில் இறக்க வேண்டும். இந்த வரிசை ஒருபோதும் மாறக் கூடாது. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, ஆக்ஸிஜன் திரவமாவது மைனஸ் 183. காற்று உள்ளே இருக்கும்போது, அல்லது கசிந்துகொண்டிருக்கும்போது, டிராப்பைக் குளிர்வித்தால் ஆக்ஸிஜன் திரவமாகிப் பியூட்டனாலோடு சேரும். அது வெடிக்கக்கூடிய கலவை. டிராப்பின் அடியில் வெளிர்நீலத் திரவம் எப்போதாவது தெரிந்தால், டிவாரைத் திரும்ப வைத்துவிட்டு, பம்பை ஓடவிட்டு, தடுப்புக் கண்ணாடியை இறக்கி, எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய் ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் திறக்காதீர்கள்.

முதல் இரண்டு மணி நேரம் டிராப்பில் சேர்வது கணக்கில் வராது. படலம் பியூட்டனாலை உறிஞ்சி ஊறி ஒரு நிலைக்கு வர நேரமாகும், தகட்டின் துளைகளில் உள்ள பழைய ஈரமும் வெளியேற வேண்டும். அதன் பிறகு இரண்டாவது டிராப்புக்கு மாற்றுங்கள், கடிகாரத்தை அப்போது தொடங்குங்கள்.

8. வெற்றிடத்தின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம்

40 டிகிரியில் இந்தக் கரைசலின் மேல் நீரின் ஆவியழுத்தம் சுமார் 73 மில்லிபார். பியூட்டனாலுடையது ஏறத்தாழ 5 மட்டுமே. மறுபக்கத்து அழுத்தம் எவ்வளவு தாழ்கிறதோ அந்த அளவுக்குத்தான் இந்த 5 நமக்குப் பயன்படும்.

மறுபக்கம் 30 மில்லிபாரில் நின்றால் அதில் பியூட்டனாலின் பங்கு இரண்டரை மில்லிபார். ஆக, தள்ளுவிசையில் பாதி போய்விட்டது. நீருக்கோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் நட்டம். இப்படி வெற்றிடம் கெட்டால் நமக்கு வேண்டிய பொருள்தான் முதலில் அடிபடும், பிரிப்புக் காரணி (சவ்வு பியூட்டனாலை நீரிலிருந்து எவ்வளவு பிரிக்கிறது என்ற அளவு, கணக்கு படி 11-ல்) சரியும். மாணவர் வந்து ‘சவ்வு தேய்ந்துவிட்டது’ என்பார். போய்ப் பார்த்தால் பம்ப் எண்ணெய் தண்ணீர் கலந்து பால்காபி நிறத்தில் இருக்கும்.

5 மில்லிபாருக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் வைத்த டிராப் இதற்கு உதவாது. 0 டிகிரியில் நீரின் ஆவியழுத்தமே 6 மில்லிபார், அதற்குக் கீழே இறங்க வழியில்லை. திரவ நைட்ரஜன் கிடைக்காத இடங்களில் உலர் பனியை ஐசோபுரொப்பனாலில் போட்டு வைக்கலாம், மைனஸ் 78 டிகிரி கிடைக்கும். ஆக்ஸிஜன் அபாயமும் அதில் இல்லை.

9. நிறுத்துவது, எடை போடுவது

முதலில் செல் பக்க வால்வை அடைத்தல், பிறகு பம்ப் பக்க வால்வை அடைத்தல், அடுத்து டிவாரை இறக்குதல், அதன் பிறகு சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாய் வழியே டிராப்புக்குள் மெதுவாகக் காற்றைவிடுதல். டிராப் குளிர்ந்திருக்கும்போதே அறைக்காற்றை நேராக விட்டால் காற்றின் ஈரமும் உள்ளே உறைந்து எடையில் ஏறும். எல்லா வால்வையும் அடைத்த நிலையில் சூடேறவிடுவதும் தவறு, உள்ளே உறைந்த வாயு ஏதாவது இருந்தால் கண்ணாடி சிதறும்.

அறை வெப்பநிலைக்கு வந்ததும் வெளிப்புறத்தைத் துடைத்து எடை போடுங்கள். கடலோர ஊர்களில் டிராப்பின் வெளியே வியர்த்துக் கொட்டும். துடைத்து ஐந்து நிமிடம் விட்டு மறுபடி துடையுங்கள், இரண்டு எடையும் ஒத்துப்போனால்தான் எழுதுங்கள். நாம் அளக்கப்போவதே 2 கிராம். வெளியே ஒட்டிய ஒரு பெரிய துளி 0.05 கிராம் இருக்கும்.

10. மாதிரி எடுப்பது: அதிகம் பேர் விழும் பள்ளம்

டிராப்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நடுவே ஒரு கோடு ஓடும். மேலே மெல்லிய அடுக்கு, கீழே தடித்த அடுக்கு. பியூட்டனால் நீரில் அறை வெப்பநிலையில் சுமார் 7.5 சதவீதம்தான் கரையும். அதைத் தாண்டினால் மேலே 80 சதவீத பியூட்டனால் அடுக்கும், கீழே 7.5 சதவீத நீர் அடுக்குமாகப் பிரிந்துவிடும்.

உண்மைச் சராசரி 27.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஊசியைக் கீழே இறக்கி எடுத்தவர் 7.5 என்று படிப்பார், அவருடைய பிரிப்புக் காரணி 5. மேலே உறிஞ்சியவருக்கு 80, காரணி 260-க்கு மேல். உண்மை 25. ஒரே டிராப், ஒரே நாள், மூன்று விடை. குலுக்கிவிட்டு எடுத்தாலும் சரியாக வராது, ஊசிக்குள் எந்த அடுக்கு எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது எளிது. டிராப்பிலேயே எடை தெரிந்த தண்ணீரை ஊற்றுங்கள். 2 கிராமுக்கு 18 கிராம் தண்ணீர் சேர்த்து, சுவரெல்லாம் நனையும்படி சுழற்றினால் கோடு மறைந்து ஒரே கரைசலாகும், 2.76 சதவீதம் காட்டும். பத்தால் பெருக்கினால் முடிந்தது. சுவரில் ஒட்டியிருந்த துளிகளும் இதில் கழுவி வந்துவிடுகின்றன. குரோமட்டோகிராஃபில் உள்தரமாக (ஒப்பிட்டுப் பார்க்க அளவு தெரிந்து சேர்க்கும் பொருளாக) 1-புரொப்பனால் சேர்த்துக்கொள்ளுங்கள், ஊசியில் அளவு கூடக்குறைய வந்தாலும் அது சரிகட்டும்.

11. கணக்கு

ஃப்ளக்ஸ் என்பது சேர்ந்த எடையைப் பரப்பாலும் நேரத்தாலும் வகுப்பது. 2.00 கிராம், 0.00283 சதுர மீட்டர், 4 மணி நேரம் என்றால் சதுர மீட்டருக்கு, மணிக்கு 177 கிராம்.

பிரிப்புக் காரணிக்கு, கடந்து வந்ததில் பியூட்டனாலுக்கும் நீருக்கும் உள்ள விகிதத்தை, கரைசலில் உள்ள அதே விகிதத்தால் வகுக்க வேண்டும். 27.6-ஐ 72.4-ஆல் வகுத்தால் 0.381. 1.5-ஐ 98.5-ஆல் வகுத்தால் 0.0152. விடை 25. வெறும் சதவீதங்களை வகுத்து 18.4 என்று எழுதுவது வேறோர் அளவு, அதைச் செறிவூட்டல் காரணி என்பார்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

கடைசியில் ஒரு சரிபார்ப்பு. கரைசல் இழந்த பியூட்டனாலும் டிராப்பில் சேர்ந்ததும் ஒத்துப்போக வேண்டும். ஒரே ஓட்டத்தில் இழப்பு சிறியது, குரோமட்டோகிராஃபின் பிழைக்குள் மறைந்துவிடும். அதனால் ஐந்தாறு ஓட்டங்களைத் தொடர்ந்து செய்து மொத்தமாகப் பாருங்கள். டிராப்பில் எப்போதும் குறைவாகவே இருந்தால் பம்ப் குடிக்கிறது, அல்லது தொட்டியின் மூடி வழியே ஆவி கசிகிறது.

12. 25 என்பது நல்ல எண்ணா?

இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். சவ்வே இல்லாமல், இந்தக் கரைசலின் மேல் நிற்கும் ஆவியை மட்டும் பிடித்தாலே காரணி சுமார் 18 வரும். நீரில் பியூட்டனால் சங்கடப்பட்டுத்தான் கரைந்திருக்கிறது, வாய்ப்புக் கிடைத்தால் ஆவியாகிவிடும். அதாவது 25-ல் பெரும்பங்கு இயற்கையின் வேலை, சவ்வு சேர்த்தது மிச்சம்தான். எத்தனாலில் இன்னும் மோசம், சாதாரணச் சிலிக்கோன் படலம் பல நேரங்களில் ஆவி தரும் பிரிப்பைக்கூட எட்டாது. எந்தப் புதுச் சவ்வைப் பற்றிப் பேசினாலும் இந்த ஆவி எண்ணைப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

சுழற்சி வேகத்தையும் ஒருமுறை ஒன்றரை மடங்காக்கிப் பாருங்கள். ஃப்ளக்ஸும் காரணியும் மாறவில்லை என்றால் சரி. கூடினால், சவ்வின் அருகே பியூட்டனால் வற்றிய ஒரு நீர்ப்படலம் நின்றிருக்கிறது, நீங்கள் அளந்தது அந்த நீர்ப்படலத்தை. சவ்வு மெலிய மெலிய இந்தத் தொல்லை கூடும்.

13. உண்மையான நொதிக்கரைசலுக்குப் போகும்போது

செயற்கைக் கரைசலில் மூன்று ஓட்டங்கள் ஒத்துவந்த பிறகே போங்கள். பாக்டீரியா செல்களை 0.2 மைக்ரான் வடிகட்டியில் நீக்குங்கள், இல்லாவிட்டால் அவை படலத்தின் மேல் வழவழப்பாகப் படியும். நொதித்தலில் வரும் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் கரைசலிலேயே தங்கியிருக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிக்கோன் வழியே தாராளமாகப் போகும், ஹைட்ரஜன் டிராப்பில் உறையாமல் வெற்றிடத்தைக் கெடுக்கும். எனவே முன்கூட்டியே வாயு நீக்க வேண்டும். திரவ நைட்ரஜன் டிராப்பில் கார்பன் டை ஆக்சைடு வெண்பனியாக உறைந்து நிற்கும், சூடேறும்போது பொங்கும். படி 9-ல் சொன்ன திறப்பு வரிசை இங்கே இரட்டிப்பு முக்கியம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் படி 5-ன் தண்ணீர் ஓட்டத்தைத் திரும்பச் செய்யுங்கள். 130 என்று தொடங்கிய படலம் 110 காட்டினால் மேலே ஏதோ படிந்திருக்கிறது, வெதுவெதுப்பான நீரில் அலசிப் பாருங்கள். 160 காட்டினால் உப்புச் சோதனைக்குத் திரும்புங்கள்.

சேர்ந்த பியூட்டனாலை அப்படியே நிற்கவிட்டால் தானே இரண்டாகப் பிரியும். கீழ் அடுக்கை மறுபடி கரைசல் தொட்டியில் ஊற்றிவிடலாம். 80 சதவீத மேல் அடுக்கை எடுத்து, அப்போதுதான் முதல் படியில் ஒதுக்கிவைத்த பாலிவினைல் ஆல்கஹால் சவ்வை வெளியே எடுங்கள். இனி குறைவாக இருப்பது தண்ணீர்.